டம்ளர் வரைந்தவள்

போன வாரம் ஒரு பொய் சொன்னேன். அறுபதைத் தாண்டியவளுக்கு யாரிடமும் பொய் சொல்லி ஆக வேண்டியது ஒன்றுமில்லை. அதிலும் கேட்டது ஒரு பத்து வயதுப் பெண்.

பெரம்பலூரில் எங்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளை அது. பள்ளி நூலகத்திலிருந்து ஒரு படக்கதைப் புத்தகம் எடுத்து வந்திருந்தாள். கெட்டி அட்டை, வழவழவென்ற தாள். ஏதோ வெளிநாட்டுப் பள்ளிக்கூடம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பில் ஒரே ஒரு கறுப்பினச் சிறுமி. வகுப்பில் எது காணாமல் போனாலும் அவள் பையைத்தான் முதலில் கொட்டிப் பார்க்கிறார்கள். அவள் பக்கத்து இருக்கை கதை முடியும்வரை காலியாகவே கிடக்கிறது. யாரும் அவளை அடிக்கவில்லை, திட்டவில்லை.

"ஒங்க ஸ்கூல்ல இந்த மாதிரியெல்லாம் இருந்துச்சா ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் நம்ம பக்கம் கெடயாதும்மா. நாங்கல்லாம் ஒண்ணா ஒக்காந்து, ஒண்ணா சாப்புட்டு வளந்தோம்" என்றேன்.

நம்பிக்கொண்டு போய்விட்டாள். என் வயதுக்காரர்களே, உங்களிடமாவது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீங்களும் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானையைப் பார்த்தவர்கள்தான். அதில் யார் எப்படிக் குடித்தார்கள் என்று உங்களுக்கும் தெரியும்.

விக்கிரமங்கலத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. பெயர் வேண்டாம். எழுபதுகளின் கடைசி. நான் ஏழாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து வராந்தா மூலையில் மணலைக் குவித்து அதன்மேல் ஒரு பெரிய மண்பானை வைத்திருப்பார்கள். மேலே தட்டு, தட்டின்மேல் நெளிந்த அலுமினிய டம்ளர், பக்கத்தில் ஒரு பித்தளைச் சொம்பு. டம்ளர் ஊர்ப் பிள்ளைகளுக்கு. காலனிப் பிள்ளைகள் பானையையும் தொடக் கூடாது, டம்ளரையும் தொடக் கூடாது. அவர்களுக்குச் சொம்பில் மொண்டு கையில் ஊற்ற வேண்டும். இப்படி யாரும் எங்கேயும் எழுதி ஒட்டவில்லை. முதல் நாள் பள்ளிக்கூடம் வந்த குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

ஊற்றுவதற்கென்று வாரத்துக்கு ஒருவரைத் தண்ணீர் லீடராகப் போடுவார்கள். என் முறை வந்தால் எனக்குத் தலைகால் புரியாது. சொம்பு அவர்கள் கையில் பட்டுவிடக் கூடாது என்பதால் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து ஊற்றுவேன். அவர்கள் குனிந்து, இரண்டு கையையும் சேர்த்து வாயோடு வைத்துக்கொள்வார்கள். போதும் என்று சொல்ல வாய் ஒழியாது, தலையை ஆட்டுவார்கள். பல நாள் அந்தத் தலையை நான் பார்த்ததே இல்லை. மைதானத்தில் கோகோ ஆடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டே ஊற்றிக்கொண்டிருப்பேன். மிச்சத் தண்ணீர் அவர்கள் முழங்கை வழியாக ஓடிச் சட்டைக் கையை நனைத்துவிடும். முந்திரிப் பழக் காலத்தில் கேட்கவே வேண்டாம். பழத்தைத் தின்றுவிட்டுத் தொண்டை கரகரக்க எல்லோரும் பானையைத் தேடி ஓடி வருவோம். நாங்கள் மொண்டு குடித்து முடிக்கும்வரை அவர்கள் வெயிலில் நிற்பார்கள்.

அப்படி நின்றவர்களில் ஒருத்திதான் என் வகுப்புப் பெண். படம் போடுவதில் கெட்டிக்காரி என்பதால் வகுப்பே அவளைப் படக்காரி என்று கூப்பிடும். இங்கும் அப்படியே சொல்கிறேன். அவள் பெயரை எழுத எனக்கு அருகதை கிடையாது. அவளுடைய அப்பா அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் வேலை பார்த்தார். ஊரில் யாருடைய வயலையும் நம்பிப் பிழைக்காத மனிதர். நான் அவளை 'டீ' போட்டுத்தான் கூப்பிடுவேன். அவள் என்னை எதுவும் போட்டுக் கூப்பிட்டதில்லை.

அவள் படம் கற்றுக்கொண்டது என்னுடைய புத்தகங்களைப் பார்த்து. என் அப்பா அரியலூருக்குப் போனால் பஸ் ஸ்டாண்டில் எனக்குப் படக்கதை வாங்கி வருவார். மட்டமான தாள், கையில் ஒட்டும் கறுப்பு மை, மண்ணெண்ணெய் மாதிரி ஒரு வாசனை. ஒருநாள் ஒன்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் அவளிடம் காட்டினேன். இரவல் கேட்டாள், கொடுத்தேன். மறுநாள் அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொண்டு வந்தாள். அம்மாவுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

"அது தொட்ட பொஸ்தகத்த வூட்டுக்குள்ள கொண்டாராத. அங்கயே குடுத்துட்டு வந்துரு" என்றாள்.

கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எதை இரவல் கொடுத்தாலும் அது அவளுக்கே சொந்தம் என்றாகிவிட்டது. அம்மாவின் தீட்டினால் அவளுக்கு ஒரு பெட்டி நிறையப் படக்கதைகள் சேர்ந்தன. என் அம்மா தெரியாமல் செய்த ஒரே நல்ல காரியம் என்று இதைத்தான் சொல்வேன்.

அவள் படிக்கிற விதமே வேறு. நான் துப்பாக்கிச் சண்டையைத் தேடிப் பக்கத்தைப் புரட்டுவேன். அவள் ஒரு கட்டத்திலேயே கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை ஆப்பிரிக்கக் காட்டுக் கதை ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "இவுங்க ஏன் எல்லாப் படத்துலயும் மூட்டையவே தூக்கிட்டு வராங்க? இவுங்கள்ள ஒருத்தருக்குக்கூடப் பேரு போடலயே" என்றாள்.

"அவுங்கல்லாம் சும்மா கூட வர்றவங்கடி" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினேன். அவள் மறுபடி அந்தப் பக்கத்துக்கே போனாள்.

அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் தமிழய்யா ஒரு கையெழுத்துப் பத்திரிகை ஆரம்பித்தார். உங்கள் பள்ளிக்கூடத்திலும் இருந்திருக்கும். பிள்ளைகள் கதை, கவிதை, படம் எல்லாம் எழுதிக் கொடுப்பார்கள். கையெழுத்து நன்றாக இருக்கிற ஒருவர் அத்தனையையும் நல்ல தாளில் மையால் படியெடுப்பார். தைத்து அட்டை போட்டால் ஊருக்கே ஒரே பிரதி. எங்கள் பத்திரிகைக்குப் படியெடுக்கிற வேலை எனக்கு வந்தது. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதில் எனக்கிருந்த கர்வத்தை இப்போது நினைத்தால் கூசுகிறது.

படக்காரி நாலு தாள் கொடுத்திருந்தாள். பழைய நோட்டிலிருந்து பிரித்தெடுத்த கோடு போட்ட தாள். ஸ்கேல் வைத்துக் கட்டம் கட்டி, பென்சிலால் வரைந்த படக்கதை. 'தாகம்' என்று தலைப்பு. தமிழய்யா அதை என்னிடம் தனியாகக் கொடுத்தார்.

"இத மட்டும் அப்படியே எடும்மா. ஒரு கோடு மாத்தாத" என்றார்.

வீட்டில் விரித்துப் பார்த்தேன். மத்தியானம், ஒரு பெண் பானைக்குப் பக்கத்தில் நிற்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் வந்து மொண்டு குடித்துவிட்டுப் போகிறார்கள். அவள் நிற்கிறாள். நிழல் நகர்ந்துகொண்டே போகிறது; அதைத் தனித்தனிக் கட்டமாக வரைந்திருந்தாள். மணி அடிக்கும் நேரத்தில் ஒருத்தி வந்து சொம்பில் மொண்டு ஊற்றுகிறாள். குடிக்கிற பெண்ணின் சட்டையும் நோட்டும் நனைகின்றன. நனைந்த நோட்டுக்காக வாத்தியார் பிரம்பால் அடிக்கிறார். கடைசிக் கட்டத்தில் அவள் தன் வீட்டில், தன் சொம்பைத் தானே தூக்கிக் குடிக்கிறாள். அங்கங்கே இரண்டொரு வார்த்தைதான் எழுதியிருந்தாள்.

ஊற்றுகிறவளுக்கு மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. காதில் ஜிமிக்கி. இடது கன்னத்தில் ஒரு மறு. எனக்கும் இடது கன்னத்தில் மறு உண்டு. எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் கிடையாது. என்னை அவள் அசிங்கமாக வரையவில்லை. நல்ல மூக்கும் முழியுமாக, லட்சணமாகத்தான் வரைந்திருந்தாள். பார்வை மட்டும் கட்டத்துக்கு வெளியே எங்கோ போயிருந்தது.

எனக்கு ஆத்திரம் வந்தது. வெட்கமும் வந்திருக்கும், அந்த வயதில் இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது. என் புத்தகத்தைப் பார்த்துப் படம் கற்றவள் என்னையே போட்டுக் கொடுத்துவிட்டாளே என்று நினைத்தேன். பத்திரிகையை ஊரே பார்க்கும், அப்பா பார்ப்பார். நிப்பை மையில் தோய்த்தேன். முதலில் மறுவை விட்டுவிட்டேன். ஜிமிக்கியை எடுத்தேன். பிறகு தைரியம் வந்துவிட்டது. குனிந்து நின்றவளை நிமிர்த்தி அவள் கையில் ஒரு டம்ளர் கொடுத்தேன். பிரம்படிக் கட்டத்தைத் தூக்கிவிட்டு, இரண்டு பெண்களும் தோளில் கை போட்டுக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒன்று வரைந்தேன். அடியில் முத்து முத்தாக அவள் பெயரை எழுதினேன். வரைந்து முடித்தபோது அவளுக்கு ஒரு நல்லது செய்ததாகவே எனக்குத் தோன்றியது.

தைக்கக் கொடுக்கும் முன்பு தமிழய்யா புரட்டிப் பார்த்தார். 'தாகம்' வந்த இடத்தில் நின்றார்.

"இது அந்தப் புள்ள போட்டதா?"

"ஆமாங்கய்யா."

கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். அவருக்குத் தெரியவில்லை என்று ரொம்ப வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்தது எதற்காக என்று நானும் வேலைக்குப் போய், எனக்கு மேலே ஒருவரும் கீழே ஒருவரும் இருந்த பிறகு புரிந்தது.

பத்திரிகை பெரிய வாத்தியாரின் பீரோவுக்குப் போனது. வந்தவர் போனவருக்கெல்லாம் எடுத்துக் காட்டினார். 'தாகம்' பக்கத்தைத் திறந்து, "பாருங்க, நம்ம புள்ளைங்க எவ்வளவு ஒத்துமையா இருக்குதுங்க" என்று சொல்வார். எனக்கும் பெருமையாக இருந்தது. எழுதிக் கொடுத்த பிள்ளைகள் அதைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்குவதாகச் சொன்னார்கள். அந்த நாள் வரவில்லை.

இதற்கிடையில் எங்களுக்குத் தெரியாமல் ஒன்று நடந்திருக்கிறது. மகள் வீட்டில் உட்கார்ந்து அந்தப் படத்தை வரைந்தபோது படக்காரியின் அப்பா பார்த்திருக்கிறார். அவர் பள்ளிக்கூடத்துப் படியே ஏறாதவர். முதியோர் கல்வியில் எழுத்துக் கூட்டப் பழகியவர். படித்தால் எல்லாம் மாறும் என்றுதான் மகளை அனுப்பினார். அவள் அங்கே கையேந்திக் குடிக்கிறாள் என்று படத்தைப் பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மனு எழுதி மேலே அனுப்பிவிட்டார். எங்கள் பிள்ளைகளும் டம்ளரில் குடிக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கேட்டது. சந்தேகம் இருந்தால் பள்ளிக்கூடத்துப் பத்திரிகையில் என் மகள் வரைந்திருக்கும் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் அதில் எழுதியிருந்தார்.

விசாரிக்க ஆபீசர் வருகிறார் என்று தெரிந்ததும் பெரிய வாத்தியார் என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ஊரோடு ஒத்துப் போகிறவர்.

"கேட்டா பயப்படாம சொல்லும்மா. நம்ம ஸ்கூலு மானம் இதுல இருக்கு" என்றார்.

அன்று சாயங்காலம் பள்ளி விட்டதும் படக்காரி என்னை வழியில் நிறுத்தினாள். புளியமரத்துக்குக் கீழே, கொஞ்சம் தள்ளியே நின்றாள்.

"தமிழய்யா என்னோட தாள வாங்கி வெச்சுக்கச் சொன்னாரு. அந்த நாலு தாளு."

"எதுக்கு?"

"அப்பா கேட்டாரு. நாளைக்கு வேணுமாம்."

தாள் என் தோளில் தொங்கிய பையில், அட்லஸுக்குள் இருந்தது. படியெடுத்த நாளிலிருந்து அங்கேதான் கிடந்தது.

"அதெல்லாம் அப்பவே கிழிச்சுப் போட்டாச்சுடி" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

என் முகத்தைப் பார்த்தாள். பையைப் பார்க்கவில்லை. "சரி" என்று சொல்லிவிட்டுக் காலனிப் பக்கம் நடந்தாள். நான் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் ஜீப் வந்தது. வராந்தாவிலேயே நாற்காலி போட்டார்கள். அந்த வாரம் தண்ணீர் லீடர் நான்தான் என்பதால் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். படக்காரியின் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். அவருக்கு நாற்காலி இல்லை. மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு தூணோரம் நின்றார். ஆபீசர் மனுவைப் படித்துவிட்டு, "அந்தப் பத்திரிகைய கொண்டாங்க" என்றார். பெரிய வாத்தியார் தயாராக வைத்திருந்தார்.

ஆபீசர் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு படக்காரியைக் கூப்பிட்டு அவளிடமே திருப்பிக் காட்டினார்.

"இது ஒன் பேருதான? நீயே டம்ளர்ல குடிக்கிற மாதிரி போட்டுருக்கியேம்மா."

அதை அவள் அப்போதுதான் முதன்முறையாகப் பார்க்கிறாள். ரொம்ப நேரம் பார்த்தாள். விரலை நீட்டி டம்ளர் மேல் வைத்தாள்.

"இது நான் போட்டது இல்லைங்க சார்."

"அப்ப யாரு போட்டது?"

பெரிய வாத்தியார் என்னைக் காட்டினார். "இந்தப் புள்ளதாங்க படி எடுத்துச்சு. நல்ல குடும்பத்துப் புள்ள."

"நீ ஏதாவது மாத்துனியாம்மா?" என்று ஆபீசர் கேட்டார்.

தமிழய்யா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பை வகுப்பறையில், பெஞ்சுக்கடியில் இருந்தது. நாலு எட்டு வைத்தால் எடுத்து வந்துவிடலாம்.

"இல்லைங்க சார். இருந்தத அப்படியே எடுத்தேன்."

படக்காரியின் அப்பா மகளைக் குனிந்து பார்த்தார். நான் இன்றுவரை தலையில் ஏற்றிக்கொண்டு திரிவது அந்தப் பார்வையைத்தான். ஒரு நொடி அவர் மகளைச் சந்தேகப்பட்டார்.

"சரி, போய்க் குடிச்சுக் காட்டு, பாப்பம்" என்றார் ஆபீசர். பெரிய வாத்தியார் தானே டம்ளரில் மொண்டு அவளிடம் நீட்டினார். அதுவரை எந்தக் காலனிப் பிள்ளையிடமும் யாரும் நீட்டாத டம்ளர். அவள் அதை வாங்கவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள். குனிந்தாள். இரண்டு கையையும் சேர்த்து வாயோடு வைத்துக்கொண்டாள்.

என்னை யாரும் ஊற்றச் சொல்லவில்லை. என் கை தானாகச் சொம்பை எடுத்தது, மொண்டது, நெஞ்சு உயரத்துக்குத் தூக்கியது. ஊற்றினேன். தண்ணீர் அவள் முழங்கை வழியாக ஓடியது. அவள் தலையை ஆட்டினாள். அன்றைக்குத்தான் அந்தத் தலையைப் பார்த்து நிறுத்தினேன்.

"பாத்துக்கிட்டீங்களா சார்" என்றார் அவளுடைய அப்பா, மெதுவாக.

ஆபீசர் பார்த்துவிட்டார். அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். அவர் கண் என் கையில் இருந்த சொம்பில்தான் இருந்தது. பிறகு சிரித்தார். "சின்னப் புள்ளைங்க, வெளையாட்டா ஏதோ பண்ணுதுங்க" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். மனுவில் சொன்னதற்கு ஆதாரம் இல்லை என்றும், பத்திரிகையைப் பார்வையிட்டேன் என்றும் எழுதியதைப் பெரிய வாத்தியார் பிறகு எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தார்.

வீட்டில் எனக்குக் கொண்டாட்டம். "ஆபீசரு முன்னாடி நடுங்காம பதில் சொன்னாளாமே" என்று அம்மா சுழியம் சுட்டுக் கொடுத்தாள். அப்பா அரியலூரிலிருந்து இரண்டு படக்கதை வாங்கி வந்தார். சுழியத்தையும் தின்றேன், படக்கதையையும் படித்தேன்.

படக்காரி அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவில்லை. ஏலாக்குறிச்சியில் சித்தி வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள் என்றார்கள். அங்கே படித்தாளா, வயலுக்குப் போனாளா, எனக்குத் தெரியாது. விசாரித்திருக்கலாம். பஸ்ஸில் அந்த ஊரைத் தாண்டி எத்தனையோ முறை போயிருக்கிறேன். இறங்கியதில்லை. அடுத்த வருஷம் தமிழய்யா தானே கேட்டு மாற்றல் வாங்கிப் போனார். வராந்தாவில் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பானை வந்தது. அது யாருக்கு என்றும் யாரும் எழுதி ஒட்டவில்லை.

முழுப் பரீட்சை முடிந்து பையைக் கொட்டிச் சுத்தம் செய்தபோது அட்லஸிலிருந்து அந்த நாலு தாளும் விழுந்தன. கொல்லையில் அம்மா வெந்நீர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தாள். பழைய தாள் இருந்தால் கொண்டு வா என்றாள். பரீட்சைத் தாள்களோடு அவற்றையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொன்றாக அடுப்பில் போட்டுக்கொண்டிருந்த நான் கடைசித் தாளைப் போடும்போது என்னவோ திருப்பிப் பார்த்தேன். அதுவரை பின்பக்கம் பார்க்க எனக்குத் தோன்றியதே இல்லை. அங்கே ஓரத்தில், பென்சிலால் சின்னதாக எனக்கு எழுதியிருந்தாள்.

"கை ரெண்டும் சேத்து வெச்ச மாதிரி எனக்கு வர மாட்டேங்குது. நாலு தடவ அழிச்சுட்டேன். ஒனக்கு நல்லா வரும். நீ பாத்து சரியா போட்டுடு. ஊத்தறப்ப நீதான பக்கத்துல இருக்க."

"என்னடி நின்னுக்கிட்டே இருக்க, போடு" என்றாள் அம்மா.

படிக்காமல் போட்டுவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. நான் இரண்டு தடவை படித்தேன். படித்துவிட்டுத்தான் போட்டேன்.